கேஸ் கீசர் மாட்டும் முன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரிலும் மேலே குன்னூர், ஊட்டி பக்கமும் கேஸ் அடுப்பு, கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். இங்கே பேசுவது சிலிண்டரில் ஓடுகிற, சுவரில் மாட்டுகிற சின்ன கீசரைப் பற்றி. கடையில் 5 லிட்டர், 6 லிட்டர் என்று சொல்லி விற்பார்களே, அது.

பாத்ரூமுக்குள்ளேயே மாட்டினால் என்ன? கடைக்காரர் பரவாயில்லை என்றாரே?

கூடாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் கூடாது. பெட்டி வெளியே இருக்க வேண்டும், சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாத வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற, கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் எரிக்கும். சமையல் அடுப்பின் பெரிய பர்னரைப் போல ஐந்து மடங்கு. 1 கிலோ கேஸ் ஒழுங்காக எரிய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நம் பாத்ரூம் எவ்வளவு பெரிது? 5 அடிக்கு 7 அடி, உயரம் 8 அடி என்றால் 280 கன அடி, அதாவது 8 கன மீட்டர். 10 நிமிடம் குளித்தால் கீசர் மட்டும் 2 கன மீட்டர் காற்றைத் தின்றிருக்கும். அறைக்காற்றில் கால் பங்கு. கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கிறது, மீதிக் காற்றில்தான் நீங்கள் மூச்சு விடுகிறீர்கள், எரிந்த புகையும் அதே அறையில்தான் சுற்றுகிறது.

ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரியும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரிச்சலோ இருமலோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். லேசாகத் தலைசுற்றும், கால் துவளும், கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் கை எழாது. குளித்துக்கொண்டிருந்தவர் தாழ்ப்பாளுக்கு ஓரடி தள்ளி விழுந்து கிடப்பது இதனால்தான்.

கேஸ் லீக் ஆனால் வாசனை வருமே, தெரிந்துவிடாதா?

வாசனை வருவது எரியாத கேஸுக்கு. அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். எரிந்த பிறகு அந்த வாசனை போய்விடும். கீசரில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று கசிவு, அதற்கு மூக்கு காவல். இன்னொன்று எரிந்த புகை, அதற்கு மூக்கு உதவாது. பெரும்பாலோர் முதல் ஆபத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பாத்ரூமில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது.

எங்கள் வீட்டில் எட்டு வருடமாக உள்ளேதான் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே?

குன்னூர் பக்கம் ஒரு வீடு. கீசர் சரியாகச் சூடாகவில்லை என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது வெண்டிலேட்டர். குளிருக்காகத் தெர்மாகோல் அட்டையை வெட்டி, கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் செருகி, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். கீசருக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. தண்ணீரைத் திறந்து பார்வைத் துளை வழியே பார்த்தேன், நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாக, நாக்கு நாக்காக ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவிடம், "குளிச்சதும் தலை வலிக்குதாங்கம்மா?" என்று கேட்டேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தலைக்குக் குளிக்கிற நாளில்தான் ஜாஸ்தி என்பதை அவரே கவனித்திருக்கிறார், ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டார்.

அன்றைக்கே பெட்டியைக் கழற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் மாட்டினேன். தலைவலி நின்றதா என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். நின்றுவிட்டது.

எட்டு வருடம் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உங்கள் வெண்டிலேட்டர் திறந்திருந்திருக்கலாம், நீங்கள் பக்கெட்டில் பிடித்துச் சீக்கிரம் குளிப்பவராக இருக்கலாம். பர்னரில் அழுக்கு ஏறினாலோ, கொசுவுக்காக வெண்டிலேட்டரை அடைத்தாலோ, வீட்டுக்கு வந்த விருந்தாளி அரை மணி நேரம் ஷவரில் நின்றாலோ அந்தக் கணக்கு மாறும்.

அப்படியானால் எங்கேதான் மாட்டுவது?

பாத்ரூமின் வெளிச்சுவர், திறந்த பால்கனி, துணி துவைக்கும் இடம், பின்பக்கத் தாழ்வாரம். காற்று தங்கு தடையில்லாமல் வந்து போகிற எந்த இடமும் சரி. ஆனால் பாத்ரூம் ஜன்னலுக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ நேர் கீழே மாட்டினால், வெளியே வைத்த புகை சுற்றிக்கொண்டு உள்ளே வரும். பக்கவாட்டில் தள்ளி மாட்டுங்கள்.

பார்வைத் துளை உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். குனிந்தோ ஸ்டூல் போட்டோ பார்க்க வேண்டியிருந்தால் யாரும் தீயைப் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்கு மேலே மரப்பலகை, துணிக்கொடி, பிளாஸ்டிக் ஷீட் எதுவும் வேண்டாம். மழைக்கு மறைப்பு வேண்டுமென்றால் தகரத்தில் ஒரு சின்னச் சாய்ப்பு போதும். அழகுக்காகக் கீசரைச் சுற்றிக் கதவு வைத்த அலமாரி அடிக்கிறார்கள் சிலர். அது பாத்ரூமைவிட மோசம், அலமாரிக்குள் காற்று ஒரு கைப்பிடிதான்.

அபார்ட்மெண்டில் பால்கனி இல்லை. பைப் போகிற டக்ட் இருக்கிறது, அதில் மாட்டலாமா?

வேண்டாம். அந்த டக்டில்தான் மேலும் கீழும் இருக்கிற எல்லா வீட்டு பாத்ரூம் வெண்டிலேட்டர்களும் திறக்கின்றன. உங்கள் புகை மூன்றாவது மாடிக்காரர் மூச்சில் போகும். திறந்த இடம் இல்லாத வீட்டுக்கு மின்சார கீசர்தான் சரி. மாடி உங்களுடையது என்றால் சோலார். எனக்கு வருமானம் போகும் பதில்தான், ஆனாலும் வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது இதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் உள்ளே மாட்டலாம் என்கிறார்களே?

ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது, சரி. உள்ளே வருகிற காற்று எங்கிருந்து வரும்? கதவின் அடியில் இடைவெளி இல்லை, ஜன்னலும் சாத்தியிருக்கிறது என்றால் ஃபேன் சும்மா சுற்றும். அப்புறம், கரண்ட் போனால்? கீசர் பேட்டரியில் ஓடுவது, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், ஃபேன் மட்டும் நின்றுபோகும்.

சமையலறையில் மாட்டுபவர்களுக்கும் இதே சங்கதி உண்டு. அங்கே புகை உறிஞ்சுகிற சிம்னி இருந்தால், ஜன்னல் மூடியிருக்கும்போது அது கீசரின் புகையையும் அறைக்குள் இழுத்துவிடும்.

புகைக்குழாய் வைத்த மாடல் வாங்கினால் உள்ளே மாட்டலாமா?

நம் ஊரில் அதிகம் விற்கிற சின்ன கீசரில் புகைக்குழாயே கிடையாது. மேலே இருக்கிற இடுக்குகள் வழியாகப் புகை அப்படியே வெளியேறும். 10 லிட்டருக்கு மேல் போனால் குழாயுள்ள மாடல்கள் வரும். குழாய் இருந்தாலும் அது சுவர் தாண்டி வெளியே போகிறதா, இணைப்பு விலகாமல் இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தென்கொரியாவின் காங்னுங் நகரில் 2018 டிசம்பரில், விடுதி ஒன்றில் தங்கிய 10 பள்ளி மாணவர்களில் 3 பேர் கார்பன் மோனாக்சைடில் இறந்தார்கள். அங்கே பாய்லர் இருந்தது, குழாயும் இருந்தது. குழாயின் இணைப்பு விலகியிருந்தது, அவ்வளவுதான். குழாய் மாடலையும் நான் வெளியேதான் மாட்டுகிறேன்.

வாடகை வீடு. கீசர் பாத்ரூமுக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

கதவையும் வெண்டிலேட்டரையும் திறந்து வைத்துப் பக்கெட்டில் வேண்டிய தண்ணீரைப் பிடியுங்கள். பிடித்ததும் குழாயை மூடி, ரெகுலேட்டரையும் மூடி, ஐந்து பத்து நிமிடம் கதவைத் திறந்தே விடுங்கள். அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். ஷவரை மறந்துவிடுங்கள். இது தற்காலிக ஏற்பாடு. பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுவது அரை நாள் வேலைதான். இரண்டு துளை, இரண்டு குழாய். அந்தச் செலவை நீங்களே போட்டாலும் நஷ்டமில்லை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரை. சின்ன கேஸ் கீசருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15558. கீசர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் மட்டுமல்லாமல், கீசரின் உடம்பில் ஒட்டிய தகட்டிலும் இருக்கிறதா பாருங்கள். அதே தகட்டில் எந்த கேஸுக்கானது என்றும் போட்டிருக்கும். சிலிண்டர் கேஸுக்கு ஒன்று, குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு வேறு. அழுத்தமும் வேறு, உள்ளே கேஸ் பீறிட்டு வருகிற முனையின் (நாசில்) துளையும் வேறு. நம் ஊர்களிலும் குழாய் கேஸ் வர ஆரம்பித்திருக்கிறது, அது வந்ததும் டியூபை மட்டும் மாற்றிப் பழைய கீசரை ஓட்ட முடியாது.

6 லிட்டர் என்பது பெட்டிக்குள் நிற்கிற தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் தண்ணீர் நிற்பதே இல்லை, நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் என்று பொருள். ஊட்டியில் மார்கழிக் காலைத் தண்ணீருக்கு அந்த வேகத்தில் சூடு போதாது, குழாயைப் பாதி மூடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சென்சார் கட்டாயம் வேண்டும். 20 நிமிடத்தில் தானாக நிற்கும் வசதி பல மாடல்களில் உண்டு, நல்லதுதான். ஆனால் அதை நம்பி உள்ளே மாட்டாதீர்கள். குழாயை ஒருமுறை மூடித் திறந்தால் அடுத்த 20 நிமிடம் தொடங்கிவிடும். பழைய சாமான் கடையில் விற்கிற கீசரைத் தொடவே வேண்டாம்.

சிலிண்டரை எங்கே வைப்பது? படுக்க வைக்கலாமா?

நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் புகை போல மேலே போகாமல் தண்ணீர் போலத் தரையில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சாக்கடை வாய், பாத்ரூம் தரை, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற குழிவான இடம், இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். கீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். வெயில் நேரே படுகிற இடமும் ஆகாது.

ஏற்கெனவே இருக்கிற அடுப்பு சிலிண்டரிலேயே 'T' வடிவ இணைப்பு போட்டுக் கீசருக்கும் இழுத்துவிடலாமா?

இதை நான் செய்வதில்லை. கீசர் எரிய ஆரம்பித்ததும் அடுப்புத் தீ சட்டென்று இறங்கும். சிம்மில் பால் வைத்திருந்தால் தீ அணைந்துபோய், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். கீசருக்கென்று தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வையுங்கள். இரண்டாவது சிலிண்டரை இதற்காக ஒதுக்குவதையும் தொலைவில் வைக்க செம்புக்குழாய் போடுவதையும் உங்கள் கேஸ் ஏஜென்சியிடம் சொல்லி, அவர்கள் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதே உபகரணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, இணைப்பு முறைப்படி இருக்கிறதா என்பதைத்தான்.

டியூப் எது, எவ்வளவு நீளம்?

ஏஜென்சியில் விற்கிற ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப். உள்ளே கம்பி வலை இருக்கும், எலி கடித்தாலும் சட்டென்று அறுபடாது. நீளம் 1.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இரண்டு டியூபை ஒட்டி நீட்டக்கூடாது, அதற்கு மேல் தூரம் என்றால் செம்புக்குழாய்தான். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நடுவில் வெடிப்பு தெரிந்தால் அன்றே. டியூபின் மேலேயே வருடம் அச்சிட்டிருக்கும். பச்சை நிற பிளாஸ்டிக் டியூபை கேஸுக்கு மாட்டி வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் விடுகிற டியூப் அது.

மாட்டும் வேலையை நானே செய்யலாமா?

சுவரில் துளை போட்டு ஃபாஸ்ட்னர் இறக்குவது, தண்ணீர்க் குழாய் இழுப்பது வரை உங்களாலோ தெரிந்த பிளம்பராலோ முடியும். கேஸ் இணைப்பை மட்டும் அதற்கென்று இருப்பவர் செய்யட்டும்.

தண்ணீர்ப் பக்கம் சில விஷயம். கீசரின் அடியில் எது உள்ளே, எது வெளியே என்று போட்டிருக்கும், மாற்றி மாட்டினால் பற்றாது. உள்ளே வரும் குழாயில் ஒரு வால்வும், கீசர் வாயில் இருக்கிற சின்ன வலையும் அவசியம், மணல் புகுந்தால் டயாஃப்ரம், அதாவது தண்ணீரின் அழுத்தத்தில் நகர்ந்து கேஸைத் திறந்துவிடுகிற ரப்பர் சவ்வு, கெடும். சுடுதண்ணீர்ப் பக்கம் சாதாரண பி.வி.சி. போட்டால் இளகித் தொங்கும், சூடு தாங்குகிற சி.பி.வி.சி. குழாயோ ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ போடுங்கள். மேல் தொட்டி கீசரைவிட 10 அடி உயரத்திலாவது இருந்தால்தான் தண்ணீரின் அழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளித் தீயைப் பற்றவைக்கும். மேல் மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தால் சின்ன பிரஷர் பம்ப் வேண்டியிருக்கும்.

லீக் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தீக்குச்சி கூடாது. சிரிக்காதீர்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் சோப்புத்தூளையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ கெட்டியாகக் கரைத்து, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தடவுங்கள். முதலில் ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், பிறகு டியூபின் இரண்டு முனை, கடைசியில் கீசரின் கேஸ் நட். கீசரை ஓடவிடாமல், ரெகுலேட்டரைத் திறந்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். தடவியதும் வருகிற நுரை பொய். அது அடங்கும் வரை காத்திருந்து, ஒரே இடத்தில் சின்னக் குமிழி ஊதி ஊதி வளர்கிறதா என்று பாருங்கள். கடுகு அளவில் தொடங்கி மிளகு அளவுக்கு வந்து உடையும், மறுபடி அதே இடத்தில் கிளம்பும். அப்படித் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, இணைப்பைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். மேலே டேப் சுற்றுவது வைத்தியமல்ல.

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் ரெகுலேட்டர் பக்கம் மட்டுமாவது இதைச் செய்யுங்கள்.

தீ பற்றும்போது "டப்" என்று சத்தம் வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. தண்ணீர் திறந்ததும் "டக் டக் டக்" என்று பொறி வந்து, ஓரிரு நொடியில் தீ சத்தமில்லாமல் பற்ற வேண்டும். "டப்" என்றால் கேஸ் முதலில் சேர்ந்து, பொறி தாமதமாக வந்திருக்கிறது. பாதி நேரம் பேட்டரிதான் காரணம், உள்ளே இருக்கிற இரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வந்தால் ஓட்டாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

தீ மஞ்சளாக எரிகிறது. சிலிண்டர் தீரப்போகிறதா?

சிலிண்டர் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் பர்னரில் அடைப்பு. வெளியே மாட்டிய கீசரில் சிலந்தி வலையும் குளவிக்கூடும் சகஜம். ஒருமுறை கழற்றினால் பர்னரின் காற்றுத் துளைகளில் பாதிக்கு மேல் காய்ந்த மண், குளவி ஒழுங்காக வீடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. மஞ்சள் தீ என்றால் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்றே எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள். தீ நீலமாக இருந்துவிட்டால் மட்டும் உள்ளே மாட்டலாம் என்று அர்த்தமில்லை, அடைத்த அறையில் நீலத்தீயும் காற்றைத் தின்னும்.

வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதும், அதைத் தீபாவளிக்கு முன்னால் செய்யுங்கள். அன்றைக்குத்தான் வீடே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும், விடியற்காலை நாலு மணியிலிருந்து கீசர் ஓயாமல் எரியும், ஐப்பசி மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். உள்ளே கீசர் இருக்கிற வீட்டுக்கு வருடத்தில் அதைவிடக் கெட்ட நாள் கிடையாது.

போர் தண்ணீர் உப்பு. கீசர் தாங்குமா?

உள்ளே இருக்கிற செம்புக் குழாயில் உப்புப் படியும், தண்ணீர் வரத்து குறையும், சூடு ஏறுக்கு மாறாக வரும். சூட்டைக் குறைத்து வைத்துப் பயன்படுத்தினால் படிவது குறையும். 40 டிகிரி குளிக்கப் போதும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். குழாயை மூடி உடனே திறந்தால் முதலில் வருகிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும், அதைப் பக்கெட்டில் விட்டுவிட்டுத்தான் தலையில் ஊற்ற வேண்டும்.

ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

20 லிட்டர் பக்கெட் ஒன்றை 25 டிகிரியிலிருந்து குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர 35 முதல் 40 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டருக்கு 350 பக்கெட்டுக்கு மேல் கிடைக்கும். நாலு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் ஏறக்குறைய மூன்று மாதம். ஷவர் பிரியர்கள் இந்தக் கணக்கை நம்பி ஏமாற வேண்டாம். மலையில் தண்ணீர் குளிர்ந்திருப்பதால் இன்னும் சீக்கிரம் தீரும். குளிரில் சிலிண்டருக்குள் கேஸ் ஆவியாவதும் மந்தப்படும். அதற்காகச் சிலிண்டரைச் சுடுதண்ணீரில் நிற்க வைப்பது, வெயிலில் உருட்டுவது எல்லாம் வேண்டாம்.

கேஸ் வாசனை வந்தால்?

ரெகுலேட்டரை மூடுங்கள், முடிந்தால் கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் அடக்கம். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். வெளியே போய் நின்றுகொண்டு 1906-க்குப் போன் செய்யுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற அவசர எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் தரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், தண்ணீரை மூடி, அவரை வெளியே காற்றோட்டத்துக்கு இழுங்கள். தூக்கப்போனவரும் அங்கேயே விழுந்த கதைகள் உண்டு, உள்ளே நின்று மயக்கம் தெளிவிக்கப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கட்டும்.

கை கால் வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பு வேண்டாம், காற்று வேண்டும். பாத்ரூமில் மட்டும் வலிப்பு வருகிறது என்று வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் கேஸ் கீசர் என்று நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை நம்பி இருந்துவிடக்கூடாது. அதற்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, 98 என்று காட்டும். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போல. அதனால் கண் விழித்துவிட்டார், சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே படுக்க வைக்காதீர்கள்.

அலாரம் ஏதாவது வாங்கி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எது எதற்கென்று தெரிந்து வாங்குங்கள். கேஸ் கசிவு அலாரம் தரைக்கு ஓரடி உயரத்தில், கேஸ் தேங்கும் இடத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு சாதனம், மூச்சு விடும் உயரத்தில் மாட்டுவது. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. இரண்டுக்கும் காலாவதி தேதி உண்டு.

பாத்ரூம் தாழ்ப்பாளையும் மாற்றச் சொல்கிறீர்களாமே?

வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் சொல்வேன். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கீசர் இல்லாத வீட்டுக்கும் அது நல்லதுதான், வழுக்கி விழுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

வீடு மாறும்போது நாங்களே கழற்றி எடுத்துப் போகலாமா?

கழற்றுவது சுலபம். விட்டுப் போகிற குழாய் முனைதான் வில்லங்கம். செம்புக்குழாய் போட்டிருந்தால் சிலிண்டரை எடுத்துவிட்டோம் என்று திறந்த முனையை அப்படியே விட்டுப் போகிறார்கள். அடுத்து வருகிறவர் அதே குழாயின் மறுமுனையில் சிலிண்டரை மாட்டுவார், கேஸ் பாத்ரூம் சுவரோரம் கொட்டும். முனையில் வால்வை மூடினால் மட்டும் போதாது, பித்தளை பிளக் ஒன்றை இறுக்கி, கேஸைத் திறந்து, அதன் மேலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுப் போங்கள். கீசரில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் கவிழ்த்து வடித்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.